கடிக்கக் கொடுப்பதும் தீவனமே

முயல் வாங்கி வந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: கூண்டுக்குள் ஒரு மரக்கட்டையைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பல் நீண்டு வாயைக் குத்திவிடும். விற்பவர் சொல்வார், பக்கத்து வீட்டார் சொல்வார், கடையில் தொங்கும் பொட்டலத்தின் மேலும் அதுவே அச்சாகியிருக்கும். பல் நீளும் என்பது உண்மை. நீண்டால் ஆபத்து என்பதும் உண்மை. அந்த ஆபத்தைக் கட்டை தடுத்துவிடும் என்பதுதான் பிழை. முயலின் பல்லைத் தேய்த்து வைப்பது புல். கட்டைக்கும் குச்சிக்கும் வேறு வேலை உண்டு, அதுவும் தேவையான வேலைதான். ஆனால் எதைக் கடிக்கக் கொடுத்தாலும் அதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போகிறது. ஆகவே கடிபொருளை விளையாட்டுச் சாமானாக நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணோடு பார்க்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கருத்தைப் பற்றியதுதான். எந்தக் குச்சி நல்லது, எது கெட்டது என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொள்வது பயன்படும். பட்டியலில் இல்லாத ஒரு செடி நாளைக்கு உங்கள் முன் வந்து நிற்கும், அப்போது முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பல்லின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். வளர்ந்த முயலுக்கு 28 பற்கள். முன்னால் மேலே 4, கீழே 2 என்று 6 வெட்டுப்பற்கள். மேலே உள்ள நான்கில் இரண்டு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும், மற்ற இரண்டும் அவற்றின் பின்னால் சிறு முளைகளாக ஒளிந்திருக்கும். மீதி 22 கடைவாய்ப் பற்கள் கன்னத்துக்குள் ஆழத்தில் இருக்கின்றன. வாயைத் திறந்து பார்த்தாலும் அவை தெரியாது. இந்த 28 பற்களும் உயிருள்ளவரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதாவது ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரும். கடைவாய்ப் பல்லும் வளர்கிறது, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. கட்டையைக் கடிக்கும்போது வேலை செய்வது முன்பல் மட்டுமே. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசுவது முயல் அசைபோடும்போதுதான். அப்போது கீழ்த்தாடை பக்கவாட்டில், திருகையின் மேல்கல் கீழ்க்கல்லின் மேல் நகர்வதுபோல, மேல்தாடைக்கு எதிராக நகர்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கும் மேல் இப்படி நகரக்கூடும். நீண்ட நாருள்ள புல்தான் இந்த அசைவை முழு அகலத்துக்கு இழுக்கிறது. புல்லுக்குள் இயல்பாகவே மணல்போல் படிந்திருக்கும் சிலிக்காத் துகள்கள் பல்லைத் தேய்க்கின்றன. கம்பெனித் தீவனக் குருணையும் தானியமும் வாயில் பட்டவுடன் நொறுங்கிவிடுவதால் தாடை மேலும் கீழுமாக அசைந்து நின்றுவிடுகிறது. கடைவாய்ப் பல்லின் ஓரம் தேயாமல் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிப்பதன் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கூண்டுக்குள் எத்தனை கட்டை கிடந்தாலும் அந்த முள்ளை அவற்றில் ஒன்றும் தொடப் போவதில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. எடின்பரோவில் 32 முயல்களை நான்கு குழுக்களாகப் பிரித்து 17 மாதம் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உலர்புல் மட்டும், ஒன்றுக்குக் குருணையோடு உலர்புல், ஒன்றுக்குத் தானியக் கலவையோடு உலர்புல், கடைசிக் குழுவுக்குத் தானியக் கலவை மட்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, தானியக் கலவையை மட்டுமே தின்றவற்றின் கடைவாய்ப் பற்கள் நீண்டும் வளைந்தும் போயிருந்தன. குழுக்களைப் பிரித்தது தீவனம்தான். அப்படியானால் கட்டையை மருந்தாக நினைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1912 வரை விலங்கியலாரே முயலை எலி, அணில் அடங்கிய கொறிவிலங்கு வரிசையில்தான் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் ஜேம்ஸ் கிட்லி அதைத் தனி வரிசையாகப் பிரித்துக் காட்டினார். எலி மரத்தையும் கொட்டையையும் கொறிக்கும் விலங்கு, முயல் மேய்ந்து பிழைக்கும் விலங்கு. எலிக்குச் சொன்னதை முயலுக்கும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வகைப்பாடு மாறிய பிறகும் கடைகளில் மாறவில்லை என்பதே என் கணிப்பு.

கடினமான பொருளைக் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தேயுமே என்று சிலர் வாதிடுவார்கள். சிரட்டை, எலும்பு, கல் எல்லாம் இந்த எண்ணத்தில்தான் கூண்டுக்குள் வருகின்றன. சூரிச்சில் வெவ்வேறு சொரசொரப்புள்ள தீவனங்களை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. தேய்மானம் கூடினால் வளர்ச்சியும் கூடி அதை ஈடுகட்டுகிறது என்று அதில் தெரிந்தது. பல் தன் நீளத்தைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்கிறது. புல் தின்று இயல்பாக அசைபோடும் முயலுக்கு அதற்கு மேல் உராய்வு தேடித்தர வேண்டிய அவசியமே இல்லை. சிரட்டையில் முன்பல் சிக்கி முறிந்தால் வந்து சேரும் தொல்லைதான் மிச்சம்.

அப்படியென்றால் குச்சியே வேண்டாமா என்றால், வேண்டும். முயல் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வாயால் செய்யும் வேலையில்தான் கழிகிறது. மேயும், தோண்டும், வேர் குறுக்கே வந்தால் கடித்தெறியும், பட்டையை உரிக்கும், குட்டி ஈனும் காலத்தில் சருகைக் கவ்விச் சென்று கூடு கட்டும். இந்த வேலைகள் எதுவுமில்லாத கூண்டில் அதே வாய் கம்பியைக் கடிக்கிறது, தன் முடியைப் பிடுங்குகிறது, வெளியே விட்டால் மின்சார ஒயரைத் தேடிப் போகிறது. கூண்டுக் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்தே முன்பல் கோணிப்போன முயல்கள் உண்டு. கடிக்கத் தகுந்த பொருள் பக்கத்தில் இருந்தால் இந்த வாய்க்கு நல்ல வேலை கிடைக்கிறது. ஆக, கட்டையும் குச்சியும் செய்வது மனத்துக்கான வேலை. அதைப் பல்லுக்கான வேலை என்று எண்ணிவிட்டால், கட்டை போட்டாயிற்றே என்று புல்லைக் குறைத்துவிடுவோம். இந்தத் தவறான நிம்மதிக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வாதாடுகிறேன்.

பண்ணை வைத்திருப்பவர்கள் இங்கே குறுக்கிட்டு ஒன்று சொல்வார்கள்: நாங்கள் குச்சியும் போடுவதில்லை, வெளிநாட்டு உலர்புல்லும் வாங்குவதில்லை, முயல் நன்றாகத்தானே வளர்கிறது? அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு அறிவு பெரும்பாலும் பண்ணை வழியாக வந்ததுதான். கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பரப்பியதும் இறைச்சிக்காகவே. இறைச்சி முயல் சில மாதத்தில் எடைக்கு வந்து விற்பனைக்குப் போய்விடுகிறது. கடைவாய்ப் பல் முள்ளாக நீள்வது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது, அது வெளியே தெரியும் வயது வரை அந்த முயல் இருப்பதில்லை. வீட்டில் வளரும் முயல் 8 முதல் 12 ஆண்டு வாழக்கூடியது. மேலும், மக்கள் விரும்பி வாங்கும் குட்டை இனங்களுக்கும் காது தொங்கும் இனங்களுக்கும் முகம் குறுகியிருப்பதால் பற்கள் பிறவியிலேயே நேராகப் பொருந்தாமல் போவது அதிகம். பண்ணைக் கணக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

கடிபொருளும் தீவனமே என்று முதலில் சொன்னதற்குக் காரணம் முயலின் வயிறு. முயலால் வாந்தியெடுக்க முடியாது. விழுங்கியது குடல் வழியாக வெளியேறியே ஆக வேண்டும், அல்லது உள்ளே நின்று அடைத்துக்கொள்ளும். நாய் ரப்பர் பொம்மையைக் குதறித் துப்பிவிடும். முயலோ தான் கத்தரித்த துணுக்கில் ஒரு பங்கை மென்று விழுங்கிவிடுகிறது. ஆகவே, இதை இதன் தீவனத் தட்டில் வைப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். வைக்க மாட்டேன் என்றால் கடிக்கவும் கொடுக்க வேண்டாம். இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணம் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பாக்குமட்டைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாயமில்லை, பசையில்லை, மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டையைச் சூட்டில் அழுத்தி எடுத்தது. முயலுக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை என்றே தோன்றும். ஆனால் பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் மட்டையிலும் இருக்கின்றன. அந்தத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. சில மணி நேரம் சோறு வைத்து உண்ணும் மனிதருக்கே அந்த எச்சரிக்கை என்றால், 2 கிலோ எடையுள்ள உயிர் அதைக் கடித்து விழுங்குவதை எப்படி அனுமதிப்பது?

ஆடு தின்கிறதே, முயல் தின்றால் என்ன என்பது கிராமத்தில் அடிக்கடி எழும் கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கான விடையைச் சூபாபுல் என்கிற சவுண்டல் மரத்தின் கதையில் காணலாம். அதன் இலையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும், உடல் மெலியும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் அதைத் தின்று நோயுற்றபோது ஹவாயில் ஆடுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் அதையே தின்றுகொண்டிருந்தன. ஹவாய் ஆட்டின் முதல் இரைப்பையில் அந்த நச்சைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிர் இருப்பது பிறகு தெரியவந்தது. 1980களில் அதை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியபோது அவையும் தப்பின. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம் முதலில் நுண்ணுயிர்கள் நிறைந்த பையில் விழுகிறது, அதன் பிறகே உடம்பு அதை உறிஞ்சுகிறது. முயலுக்கு வரிசை தலைகீழ். இரைப்பை, சிறுகுடல் இரண்டையும் கடந்த பிறகுதான் நுண்ணுயிர்கள் வாழும் குருட்டுக்குடல் வருகிறது. நச்சுப்பொருள் அங்கே போய்ச் சேரும் முன்பே இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே ஆடு தின்பதை வைத்து முயலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. சவுண்டலும் வேலியோரக் கிளைரிசிடியாவும் ஆட்டுக்கே இருக்கட்டும்.

விலங்குக்குத் தெரியும், விஷமானதை அது தொடாது என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. காட்டில் நூறு செடிக்கு நடுவே இருக்கும் விலங்கு கசப்பானதை ஒதுக்கிவிட்டு வேறொன்றுக்கு நகரலாம். கூண்டில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை, பசியோ சலிப்போ கிடைத்ததைக் கடிக்க வைக்கும். ஊமத்தை இலையைத் தின்றும் ஒரு முயல் பிழைத்தது என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஊமத்தையின் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி சில முயல்களின் இரத்தத்தில் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் சில முயல்களில் அது இல்லை. உங்கள் முயல் எந்த வகை என்பது பார்த்துத் தெரியாது.

இனி எதைக் கொடுப்பது என்று பார்ப்போம். முதல் கடிபொருள் புல்லே. நாள் முழுக்க, தீரத் தீர, முயலின் உடலளவுக்கு ஒரு குவியல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். திமோத்தி உலர்புல் இறக்குமதிச் சரக்கு, விலையும் கூடுதல். வாங்க முடிந்தவர் வாங்கலாம், முடியாதவர் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அறுகு, கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், கம்பு நேப்பியரின் இளந்தோகை எல்லாம் நம் மண்ணிலேயே உண்டு. பச்சையாகவும் கொடுக்கலாம், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்தியும் வைக்கலாம். வைக்கோலைப் பற்றிக் கேட்பார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா நிறைய இருக்கிறது, கடிக்கவும் கிளறவும் நல்ல பொருள். ஆனால் சத்து மிகக் குறைவு, அதையே முழுத் தீவனமாக்கினால் முயல் மெலியும். படுக்கையாகவும் விளையாட்டாகவும் போடுங்கள், புல்லின் இடத்தில் போடாதீர்கள். கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால் ஆகியவை சுண்ணாம்புச் சத்து மிகுந்த பயறுவகைத் தீவனங்கள். முயலின் குடல் தீவனத்தில் உள்ள சுண்ணாம்பைப் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும் இயல்புடையது. வளர்ந்த முயலுக்கு இவற்றை நாளும் அள்ளிக் கொடுத்தால் மூத்திரப்பையில் சுண்ணாம்புக் கசடு சேரும். வாரத்தில் ஓரிரு நாள், ஒரு கைப்பிடி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்து வருகிறது, பூஞ்சணம். கடலைக்கொடியும் வைக்கோலும் ஈரம் பட்டால் உட்புறம் கருத்துப் பூத்துவிடும். பூஞ்சண நச்சான அஃப்ளடாக்ஸினை முயல் சற்றும் தாங்காது. முக்கல் வாடை வந்தால் வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வெயில் பூஞ்சணத்தை உலர்த்துமே தவிர அது சுரந்த நச்சை முழுதாக நீக்காது. முழுக் கட்டும் எருக்குழிக்குப் போகட்டும்.

குச்சிகளில் நான் முதலிடம் கொடுப்பது மல்பெரிக்கு. இலை, பட்டை, தண்டு மூன்றும் முயலுக்கு உகந்தவை. பட்டை நாராக உரிந்து வருவதால் முயலுக்கு வேலையும் நிறைய. தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்போர் தோட்டத்தைக் கவாத்து செய்யும்போது விரல் பருமனுள்ள குச்சிகளைக் கட்டுக்கட்டாக ஒதுக்குகிறார்கள். பட்டுப்புழு பூச்சிமருந்தைத் தாங்காது என்பதால் அந்தத் தோட்டங்களில் மருந்தை அளந்து, நாள் கணக்குப் பார்த்தே அடிக்கிறார்கள். கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்டால் அவர்களிடம் பதிலும் இருக்கும். ஒரு கவனம்: குச்சியைத் தோட்டத்திலிருந்து வாங்குங்கள், புழு வளர்க்கும் மனைக்குள் இருந்து வேண்டாம். அங்கே சுண்ணாம்புத்தூளும் கிருமிநாசினியும் தூவியிருப்பார்கள். அடுத்தது கொய்யா. கொய்யாவைத் தேடி ஆயக்குடிப் பக்கம் போக வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு வீட்டிலாவது கொய்யா மரம் இருக்கும். கடினம், சிம்பு எழாது, பிசினும் இல்லை. இலையில் துவர்ப்பு அதிகம் என்பதால் குச்சிக்கு நாலைந்து இலை போதும். செம்பருத்தியின் தண்டும் இலையும் பூவும் மென்மையானவை, பல் வலுவிழந்த வயதான முயலுக்கு ஏற்றவை. முருங்கையில் இலை ஈர்க்கையும் இளங்கொம்பையும் கொடுக்கலாம். வேரும் தடித்த பட்டையும் கூடாது, வேர்ப்பட்டையில் நச்சு ஆல்கலாய்டு உண்டு. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குப் பேரிக்காய், ஆப்பிள் கிளைகள் கிடைக்கும், இரண்டும் நல்லவை. அதே தோட்டத்தில் நிற்கும் பிளம்ஸ், பீச் மரங்களை விட்டுவிடுங்கள். அவற்றின் பச்சைக் கிளையிலும் இலையிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. பட்டர் புரூட் மரமும் அப்படியே ஒதுக்க வேண்டியது, அதன் இலையிலும் பட்டையிலும் உள்ள பெர்சின் முயலின் இதயத்தைக் கெடுக்கும்.

விலக்க வேண்டியவற்றில் எனக்கு மிகுந்த கவலை தருவது மரவள்ளிக்குச்சி. சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு தோண்டிய பிறகு மலைபோல் கிடக்கும். பருமன் சரியாக இருக்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை, கடிக்கக் கொடுக்கவே விளைந்ததுபோலத் தோன்றும். அதன் தண்டிலும் இலையிலும் சயனைடு நச்சு உண்டு, பட்டையில் இன்னும் அதிகம். இளஞ்சோளப் பயிரும் அதே காரணத்தால் ஆகாது. வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு செத்துவிழுவதைக் கண்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரளி எந்த நிறமானாலும் வேண்டாம், ஒரு சிறு துண்டே இதயத்தை நிறுத்திவிடும். எருக்கு, கள்ளி, ஆமணக்கு, உண்ணிச்செடி, செங்காந்தள் ஆகியவை வீட்டைச் சுற்றி இருந்தால் முயலை வெளியே விடும் முன் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழகுக்காகத் தொட்டியில் வைக்கும் சைகஸ் பனைபோலத் தெரிந்தாலும் பனை இனமல்ல, கல்லீரலை அழிக்கும் நச்சுச்செடி. மாங்கொம்பையும் முந்திரிக் கொம்பையும் நான் கொடுக்கச் சொல்வதில்லை. மனிதத் தோலையே புண்ணாக்கும் பால் அவற்றில் ஓடுகிறது. வேம்பைப் பற்றித்தான் வாதம் நீளும். வேம்பு நல்லதாயிற்றே, பூச்சியைக் கொல்லுமே என்பார்கள். மருந்துக் குணம் வலுவாக உள்ள மரத்தை நோயில்லாத உயிருக்கு நாள்தோறும் கடிக்கக் கொடுக்க என்ன தேவை? தேவையில்லாத இடத்தில் மருந்தை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் நிலை.

குச்சியல்லாத பொருள்களிலும் நல்லவை உண்டு. மக்காச்சோளக் கதிரின் வெளித்தோலில் முதல் இரண்டு அடுக்கை எறிந்துவிட்டு உள்ளடுக்கைக் காயவைத்து, அதற்குள் புல்லையும் ஓரிரு செம்பருத்தி இலையையும் திணித்துக் கொடுத்தால் முயல் நெடுநேரம் பிரித்துப் பிரித்துத் தின்னும். கதிரின் உள்தக்கையை மட்டும் கொடுக்கக் கூடாது, அது செரிக்காமல் குடலை அடைக்கும். சாயமிடாத பனையோலைக் கொட்டானும் நல்லது. கொட்டானில் புல்லை நிரப்பிக் கவிழ்த்து வைக்கலாம். சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய ஓலை கண்ணுக்கு அழகு, முயலுக்கு ஆகாது. மட்டையோடு ஓலை கிடைத்தால் பல்பல்லாக இருக்கும் கருக்கைச் சீவி எறியுங்கள். தென்னங்கீற்றில் ஈர்க்கை உருவிவிட்டு இலையை மட்டும் பின்னிப் போடலாம். மூங்கில் இலை சரி, பிளந்த மூங்கிலின் சிம்பு வாயைக் கிழிக்கும். கயிறுபோன்ற நீண்ட நார் எதுவானாலும் எனக்கு அச்சம்தான். தேங்காய் நார்க் கயிறு, வாழைநார், சணல் எல்லாம் மென்றாலும் துண்டாகாமல் கயிறாகவே குடலுக்குள் போகக்கூடியவை. பழைய கோரைப்பாயைக் கிழித்துப் போடுகிறவர்கள் அதன் பாவு நூலைப் பார்க்க வேண்டும். இப்போது பெரும்பாலும் நைலான்.

கடைச் சரக்கு வாங்குவதானால் பொட்டலத்தில் எந்த மரம் என்று பெயர் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இயற்கை மரம் என்று மட்டும் போட்டிருந்தால் அது எதையும் சொல்லவில்லை என்றே பொருள். வர்ணம், வார்னிஷ், பசை, ஆணி, பிளைவுட் எதுவும் வேண்டாம். சரக்குப் பெட்டி மரத்தில் எம்பி என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் அது மீத்தைல் புரோமைடு புகையிட்டது. முத்திரை இல்லாவிட்டாலும் அது பெரும்பாலும் பைன் மரம், பிசின் வாடையுள்ளது. தைலமரமும் அதே வாடைக் காரணத்தால் ஒதுக்கத்தக்கது. கூண்டில் தொங்கவிடும் கனிமக் கட்டியால் பல்லும் தேயாது, வேண்டாத சுண்ணாம்புதான் சேரும். பொங்கலுக்குக் கரும்புத்துண்டைக் கொடுத்துப் படம் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தச் சர்க்கரை குருட்டுக்குடலில் புளித்து நல்ல நுண்ணுயிர்களைக் குலைக்கும், கழிச்சலும் வயிற்று உப்புசமும் வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர் இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார். சாலையோர மரத்துக் கிளையில் புகையும் தூசியும் படிந்திருக்கும், பூக்கடை ரோஜாவில் மருந்து இருக்கும், உண்மைதான். ஆனால் மல்பெரிக் குச்சியை வெட்டி மண்ணில் ஊன்றினாலே துளிர்க்கும். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ இரண்டு தொட்டி மல்பெரி, ஒரு தொட்டி செம்பருத்தி, ஒரு தட்டில் அறுகு இருந்தால் ஒரு முயலுக்குப் போதிய கடிபொருள் வந்துவிடும். மருந்து அடித்தீர்களா என்று யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை. குச்சியைச் சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் பருமன் வரை, ஒரு சாண் நீளத்தில் வெட்டுங்கள். பட்டையைச் சீவ வேண்டாம், முயலுக்கு அதில்தான் சுவை. தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பச்சையாகக் கொடுப்பதானால் அன்றே கொடுங்கள். சேமிப்பதானால் இலையை உருவிவிட்டு, ஒடித்தால் சட்டென்று முறியும் வரை வெயிலில் காயவையுங்கள். பாதி காய்ந்தது டப்பாவுக்குள் பூத்துவிடும். கயிற்றில் கட்டித் தொங்கவிடாமல் கூண்டின் வலைக்கண்ணில் செருகி வைத்தால் முயல் இழுத்துப் பார்த்து விளையாடும்.

புதிய வகை எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதல் நாள் ஒரே குச்சி, பிறகு இரண்டு நாள் புழுக்கையைக் கவனியுங்கள். உருண்டையாக, ஒரே அளவில், உலர்ந்து, நிறைய விழுந்தால் அந்த வகையைத் தொடரலாம். சிறுத்தோ, ஒன்றோடொன்று கோத்தோ, குறைந்தோ விழுந்தால் நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். மூத்திரத்தில் நனைந்த குச்சியை அன்றே எடுத்துவிட வேண்டும். குச்சியை ஆவலோடு கடித்துவந்த முயல் திடீரென்று அதை விட்டுவிட்டாலோ, புல்லை ஒதுக்கி மென்மையானதை மட்டும் தேடினாலோ, தாடை நனைந்திருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலோ, கீழ்த்தாடையைத் தடவும்போது மேடு தட்டுப்பட்டாலோ பல்லில் கோளாறு என்று கொள்ளுங்கள். மேல் வெட்டுப்பல்லின் வேருக்கு மிக அருகில்தான் கண்ணீர்க் குழாய் போகிறது, அதனால்தான் கண்ணில் அறிகுறி தெரிகிறது. நகவெட்டியால் பல்லை நறுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள். இழைத்துச் சீராக்கும் கருவி கால்நடை மருத்துவரிடம் இருக்கும். கடைவாய்ப் பல்லைப் பார்க்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் நள்ளிரவானாலும் அந்த எண்ணை அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் குடல் நின்றுபோகிறது.